ஏழு வாக்குகள்: லண்டன் பரோ சபைத் தேர்தல் முடிவுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

தேர்தல் முடிவு என்பது நம்மிடையே பெரும்பாலும் ஒரு செய்தியாகவே கொள்ளப்படுகின்றது. எக்கட்சி எத்தனை ஆசனங்களைப் பெற்றது, எது ஆட்சியை இழந்தது என்பவற்றை அறிந்துகொண்டதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகின்றது. ஓர் இலக்கியப் படைப்பை அணுகும்போது அது எச்சூழலிற் பிறந்தது, எவ்வுருவ விதிகளுக்கு உட்பட்டது, யாரை நோக்கிப் பேசுகின்றது என்றெல்லாம் வினவும் நாம், ஒரு சமுதாயம் தன் கையாலேயே எழுதித்தரும் எண்களை மட்டும் அவ்வாறு வினவுவதில்லை. அரசியல் விஞ்ஞானத்தைப் பாடமாகப் பயில்வோர்கூட முடிவுகளைப் பட்டியலிடுவதோடும் வீதங்களைக் கணிப்பதோடும் அமைதியடைந்துவிடுகின்றனர்.

பாராளுமன்றத் தேர்தல்களைவிட உள்ளூராட்சித் தேர்தல்களே இத்தகைய விமர்சனத்துக்கு உகந்தவை என்பது எமது கருத்து. வாக்காளன் தன் வீட்டு வாயிலிலிருந்து காணக்கூடிய பொருள்களே அங்கு பிரச்சினைகளாகின்றன. யாருக்கு வீடு, எத்தெருவுக்கு விளக்கு, சோலைவரி எவ்வளவு என்பன பற்றியே வாக்குக் கேட்கப்படுகின்றது. கொள்கைகள் வெறுஞ் சொற்களாக நிற்கவியலாத தளம் அது. இக்காரணம் பற்றியே லண்டனின் கிழக்குப் பகுதியிலுள்ள ரவர் ஹம்லெற்ஸ் என்னும் பரோவை எடுத்துக்கொண்டு, அங்கு நடைபெற்ற சில தேர்தல்களின் முடிவுகளை ஆராய முற்படுகின்றோம். சிறப்பாக, 1993 ஆம் ஆண்டு செப்டெம்பர் 16 ஆந் திகதி ஏழே ஏழு வாக்குகளாற் தீர்மானிக்கப்பட்ட ஓர் இடைத்தேர்தல் இவ்வாய்வின் மையமாக அமைகின்றது.

1. விதிகள்

லண்டன் மாநகரத்தின் உள்ளூராட்சி அலகுகளே பரோக்கள் எனப்படுவன. 1963 ஆம் ஆண்டின் லண்டன் அரசாங்கச் சட்டப்படி 32 பரோக்கள் அமைக்கப்பட்டு 1965 இல் இயங்கத் தொடங்கின. பொப்லர், ஸ்ரெப்னி, பெத்னல் கிறீன் என்னும் மூன்று பழைய பரோக்கள் இணைந்து ரவர் ஹம்லெற்ஸ் உருவாயிற்று. ஒவ்வொரு பரோவும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வட்டாரத்திலிருந்து ஒருவரோ இருவரோ மூவரோ தெரிவுசெய்யப்படுவர். எத்தனை ஆசனங்களோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளனுக்கும் உண்டு. அதிகூடிய வாக்குகளைப் பெற்றோர் வெற்றிபெறுவர். ஏனையோர் பெற்ற வாக்குகள் ஆசனக் கணக்கில் எவ்வித பயனுமின்றி ஒழியும்.

பிரித்தானியப் பிரசைகள் மாத்திரமன்றி, அங்கு சட்டபூர்வமாக வதியும் பொதுநலவாய நாட்டுப் பிரசைகளும் இத்தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையுடையவர்கள் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வங்காளதேசத்தின் சில்ஹெற் பகுதியிலிருந்து குடியேறிய தொழிலாளி ஒருவர், பிரித்தானியப் பிரசாவுரிமை பெறுமுன்னரேயே தம் வட்டாரத்தின் தலைவிதியைத் தீர்மானிப்போருள் ஒருவராகிவிடுகின்றார். நம் நாட்டிலிருந்து சென்று லண்டனில் வாழும் தமிழருக்கும் இது பொருந்தும். குடியேறியவன் வாக்காளனாகவும் இருக்கிறான் என்ற இவ்வுண்மையே பின்னர் நாம் காணப்போகும் முரண்பாடுகள் பலவற்றுக்கு அடிப்படையாகும்.

2. பொப்லரின் முன்மாதிரி

1993 ஆம் ஆண்டு முடிவை விளங்கிக்கொள்வதற்கு அதே மண்ணில் 1919 நவம்பரில் நிகழ்ந்த தேர்தலை நினைவுகூர்தல் அவசியமாகும். முதலாம் உலகப்போருக்குப் பின் நடைபெற்ற அத்தேர்தலில் பொப்லர் பரோவின் 42 ஆசனங்களுள் 39 ஐத் தொழிற்கட்சி கைப்பற்றியது. துறைமுகத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் அவர்தம் இல்லத்தரசியரும் சபையில் அமர்ந்தனர். ஜோர்ஜ் லான்ஸ்பரி அவர்களுக்குத் தலைமை தாங்கினார்.

வேலையற்றோர் மலிந்த பொப்லர், அவர்களைப் பராமரிக்கும் செலவைத் தன் ஏழை மக்களிடமிருந்தே சோலைவரியாகத் திரட்டவேண்டியிருந்தது. செல்வம் மிக்க வெஸ்ற்மின்ஸ்ரரில் ஒரு பென்ஸ் வரி ஈட்டித்தந்த தொகை பொப்லரில் அதே வரி ஈட்டியதைப் போலப் பன்மடங்காகும். இவ்வநீதியை எதிர்த்து, லண்டன் மாவட்டச் சபை முதலான மேலமைப்புகளுக்குச் செலுத்தவேண்டிய பணத்தைச் செலுத்த பொப்லர் சபை மறுத்தது. 1921 செப்டெம்பரில் ஐந்து பெண்கள் உட்பட முப்பது உறுப்பினர்கள் சிறை சென்றனர். ஆறு வாரங்களின் பின் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். செல்வப் பரோக்களும் வறிய பரோக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டம் அதே ஆண்டிலேயே நிறைவேறியது.

இந்நிகழ்ச்சியைப் பழம் புகழ் பாடுவதற்காக நாம் எடுத்துரைக்கவில்லை. 42 இல் 39 என்ற முடிவு பொருள் பெற்றது வாக்கெண்ணிய இரவிலன்று. அதைக் கொண்டு அச்சபை செய்த செயலாலேயே அது பொருள் பெற்றது. ‘நம்மிடம் போதிய பணமில்லை, ஆகவே நம்முள் யாரைப் பட்டினியிடுவது?’ என்று பொப்லர் சபை கேட்கவில்லை. ‘பணம் எங்கே இருக்கிறது?’ என்றே அது கேட்டது. பற்றாக்குறைக்கான காரணத்தை அயலவனிடம் தேடாமல் நாட்டின் வரியமைப்பில் தேடிய அந்தக் கேள்வி, எழுபது ஆண்டுகளின் பின் அதே மண்ணில் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே நமது பிரச்சினை.

3. துறைமுகம் மூடிய பின்

பழைய பொப்லர் பரோவின் தெற்கே, தேம்ஸ் நதி மூன்று பக்கமும் வளைந்தோட அமைந்துள்ள நிலப்பகுதி ஐல் ஒவ் டோக்ஸ் எனப்படும். மில்வோல் வட்டாரம் 2014 வரை அங்கிருந்தது. தலைமுறை தலைமுறையாகத் துறைமுகத் தொழிலே அங்கு வாழ்வாக இருந்தது. கொள்கலன் கப்பல்களின் வருகையினால் பழைய துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வெஸ்ற் இந்தியா, மில்வோல் துறைமுகங்கள் 1980 இல் மூடப்பட்டன. அடுத்த ஆண்டில் தட்சர் அரசாங்கம் லண்டன் துறைமுகப் பகுதி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவி, அப்பகுதியின் திட்டமிடல் அதிகாரத்தை மக்கள் தெரிவுசெய்த சபையிடமிருந்து எடுத்து நியமன உறுப்பினர்களிடம் ஒப்படைத்தது. துறைமுகம் இருந்த இடத்தில் கனரி வார்ஃப் எழுந்தது. 1991 இல் அதன் கோபுரம் பிரித்தானியாவிலேயே அதியுயர்ந்த கட்டடமாக நின்றது. அதன் நிழலில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளியின் பிள்ளைகளுக்கோ அங்கு தொழிலும் அரிதாயிற்று, வீடும் அரிதாயிற்று.

வீட்டுப் பிரச்சினையைச் சற்று விரிவாகவே நோக்குதல் வேண்டும். 1977 ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டம், வீடற்ற குடும்பங்களுக்கு இருப்பிடம் வழங்கும் கடமையைச் சபைகளின் மீது சுமத்தியது. 1980 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டமோ சபை வீடுகளில் வாடகைக்கு வாழ்ந்தோருக்கு அவற்றைக் கழிவு விலையில் வாங்கும் உரிமையை அளித்தது. விற்றுப் பெற்ற பணத்தைப் புதிய வீடுகள் கட்டுவதற்குத் தாராளமாகப் பயன்படுத்தும் சுதந்திரம் சபைகளுக்கு இருக்கவில்லை. ஒரு கையால் கடமை வளர்ந்தது. மறு கையால் வளம் குறைந்தது. எஞ்சிய வீடுகளைப் பங்கிடும் பொறுப்பு மட்டும் உள்ளூர்ச் சபையின் தலையில் விழுந்தது.

பங்கீட்டில் எந்நியாயத்தைக் கைக்கொள்வது? தேவையே அளவுகோல் எனின், ஓரிரு அறைகளில் பெருங்குடும்பமாக நெருங்கி வாழ்ந்த வங்காளிகளே பல சந்தர்ப்பங்களில் முதலிடம் பெறவேண்டியவர்கள். நீண்டகால வதிவே அளவுகோல் எனின், பழைய வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகளே முதலிடம் பெறுவர். 1986 இல் குறுகிய பெரும்பான்மையுடன் பதவிக்கு வந்த லிபரல் கட்சியினர் பரோவை ஏழு அயற்பகுதிகளாகப் பிரித்து அதிகாரத்தைப் பரவலாக்கினர். கொள்கையளவில் வரவேற்கத்தக்க இம்மாற்றம், நடைமுறையில் ‘பிள்ளைகளுக்கு முன்னுரிமை’ என்ற வீடமைப்புக் கொள்கையாக வடிவெடுத்தது. அப்பகுதியிற் பிறந்து வளர்ந்தோரின் மக்களுக்கே வீடு என்ற இவ்விதியில் இனப்பெயர் எதுவும் எழுதப்படவில்லை; எழுதவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதே சபை, வங்காளதேசத்தில் வீடிருந்தும் அதை விட்டு வந்தமையால் சில குடும்பங்களைத் ‘தாமே விரும்பி வீடற்றவரானோர்’ என வகைப்படுத்தவும் முற்பட்டது.

இவையாவும் காகிதத்தில் நிகழ்ந்தவை. தெருவில் நிகழ்ந்தவை வேறு. 1978 மே 4 ஆந் திகதி, பரோ சபைத் தேர்தல் நடைபெற்ற அதே நாள் மாலையில், வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் வங்காளித் தொழிலாளி வைற்சப்பலிற் குத்திக் கொல்லப்பட்டார். இனவாதத் தேசிய முன்னணி தன் வேட்பாளர்களை நிறுத்தியிருந்த தேர்தல் அது. பத்து நாள்களின் பின் அவரது பிரேதப்பெட்டியைப் பின்தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றனர். அவர் பெயராலேயே இன்று அங்கு ஒரு பூங்கா விளங்குகின்றது. அந்நாளின் வாக்குப் பட்டியலில் இம்மரணம் இடம்பெறவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் அடுத்து வந்த 1982 ஆம் ஆண்டுத் தேர்தலில் வங்காளிகள் முதன்முறையாகச் சபை உறுப்பினரானமைக்கும் அம்மரணம் தூண்டிய விழிப்புணர்ச்சிக்கும் உள்ள தொடர்பை மறுத்தல் அரிது.

4. 1993 செப்டெம்பர்

மில்வோல் வட்டாரத்தில் 1992 இல் நடைபெற்ற இடைத்தேர்தலிலேயே பிரித்தானியத் தேசியக் கட்சி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாக்குகளைப் பெற்றிருந்தது. அபாய மணி அப்போதே ஒலித்தது எனலாம். ‘வெள்ளையருக்கு உரிமை’ என்ற சுலோகத்துடன் அக்கட்சி வீடு வீடாகச் சென்றது. 1993 செப்டெம்பர் முற்பகுதியில், வாக்களிப்புக்கு எட்டு நாள்களுக்கு முன், அதே பரோவில் ஒரு வங்காளி இளைஞன் கும்பலொன்றினாற் படுமோசமாகத் தாக்கப்பட்டான். செப்டெம்பர் 16 ஆந் திகதி முடிவு வெளியாயிற்று. அக்கட்சியின் வேட்பாளர் டெரிக் பீக்கன் 1,480 வாக்குகளையும் தொழிற்கட்சி வேட்பாளர் 1,473 வாக்குகளையும் பெற்றனர். லிபரல் ஜனநாயகக் கட்சியினர் மூன்றாமிடத்தில் அதிக தொலைவின்றி நின்றனர்.

மறுநாட் பத்திரிகைகளுக்கு இது ‘மில்வோல் மக்களின் தீர்ப்பு’ ஆயிற்று. ஆனால் வாக்களித்தோருள் ஏறத்தாழ 34 வீதத்தினரே பீக்கனை விரும்பினர். மூவருள் இருவர் அவரை விரும்பவில்லை. வாக்களிக்கவே செல்லாதோர் வேறு. ஏழு பேர் வேறுவிதமாகச் சிந்தித்திருப்பின் உலகம் இவ்வட்டாரத்தின் பெயரையே அறிந்திராது. ஆகவே, மில்வோல் இனவாதத்தைத் தெரிந்துகொண்டது என்னும் கூற்று எண்களால் நிறுவப்படக்கூடியதன்று.

இவ்வாறு கூறி ஆறுதலடைந்துவிடுவதும் பிழையாகும். 1,480 பேர் என்பது சிறுதொகையன்று. அவர்கள் யாவரும் காடையரல்லர். தொழிற்கட்சிக்குத் தலைமுறையாக வாக்களித்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. அவர்களை அத்திசைக்கு இட்டுச்சென்றது யார் என்ற வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் தரப்படுவதுண்டு.

முதலாவது, இது வெறும் இனவெறுப்பின் வெளிப்பாடு என்பது. இவ்விடை அறச்சீற்றத்துக்கு இடமளிக்கின்றதேயன்றி விளக்கந் தருவதில்லை. வெறுப்பு எப்போதும் இருந்தது எனின், அது ஏன் 1993 இல் மட்டும் ஆசனமாயிற்று? இரண்டாவது, பொருளாதார அடித்தளமே யாவற்றையும் தீர்மானிக்கின்றது. தொழிலும் வீடும் இல்லாதபோது இனவாதம் தானே முளைக்கும் என்பது. நம் பல்கலைக்கழகச் சூழலில் இவ்விடைக்கே செல்வாக்கு அதிகம். ஆனால் பொப்லரின் வரலாறு இதனை மறுக்கின்றது. 1921 இல் அங்கு நிலவிய வறுமை 1993 இல் நிலவியதைவிடக் கொடியது. அவ்வறுமையிலிருந்து பிறந்தது இனவாதமன்று. முப்பது பேரின் சிறைவாசமும் ஒரு சட்டத் திருத்தமுமே பிறந்தன. அடித்தளம் ஒன்றாயிருக்க விளைவுகள் வேறுபடுமாயின், இடையில் நின்று செயற்பட்ட ஏதோவொன்றை நாம் இனங்காணவேண்டும்.

அந்த ஏதோவொன்று அரசியல் மொழியே என்பது எமது துணிபு. பற்றாக்குறைக்குப் பெயரிடும் பொறுப்பு அரசியற் கட்சிகளுடையது. அப்பெயரை முதலில் இட்டது பிரித்தானியத் தேசியக் கட்சியன்று. ‘பிள்ளைகளுக்கு முன்னுரிமை’ என்று சபையே சொன்னபோது, வீட்டுத் தட்டுப்பாடு என்பது ‘நம் பிள்ளைகள்’ எதிர் ‘வந்தவர்கள்’ என்ற போட்டியாக அதிகார முத்திரையுடன் எழுதப்பட்டுவிட்டது. உள்ளூர் லிபரல் ஜனநாயகக் கட்சியினரின் துண்டுப்பிரசுரங்கள் இனவுணர்ச்சிக்குத் தீனி போட்டன என்ற குற்றச்சாட்டை விசாரிப்பதற்கு அக்கட்சியின் தேசியத் தலைமையே ஒரு குழுவை நியமிக்க நேர்ந்தது, அப்பிரசுரங்கள் கண்டனத்துக்குள்ளாயின. மரியாதைக்குரிய கட்சிகள் மறைமுகமாகச் சொன்னதை மரியாதையற்ற கட்சி நேர்முகமாகச் சொன்னது. நகலைப் படித்துப் பழகிய வாக்காளன் இறுதியில் மூலத்தையே நாடிச்சென்றான்.

கனரி வார்ஃபின் நிலத்தை யார் பெற்றனர், விற்ற வீடுகளின் பணம் எங்கே போயிற்று என்னும் பொப்லர் பாணிக் கேள்விகள் அந்தத் தேர்தலில் உரத்து ஒலிக்கவில்லை. ஏன்? திட்டமிடல் அதிகாரம் சபையிடம் இல்லை. கட்டட நிதி சபையிடம் இல்லை. வீட்டுச் சாவிகளைப் பங்கிடும் அதிகாரம் மட்டுமே எஞ்சியிருந்தது. அதிகாரம் எங்கே குறுகியதோ, அரசியலும் அங்கேயே குறுகிற்று. ஓர் உள்ளூர்ச் சபையிடமிருந்து வளத்தையும் நிலத்தையும் பறித்து, பங்கீட்டை மட்டும் விட்டுவைத்தால், மக்களை ஒருவரோடொருவர் ஒப்பிடுவதைத் தவிர அச்சபையின் அரசியலுக்கு வேறு தொழில் இராது. இவ்வவதானிப்பு லண்டனுக்கு மட்டும் உரியதன்று.

5. கூடிய வாக்கும் தோல்வியும்

1994 மே 5 ஆந் திகதி முழுச் சபைக்குமான தேர்தல் நடைபெற்றது. மில்வோலின் மூன்று ஆசனங்களையும் தொழிற்கட்சி வென்றது. பரோவின் ஆட்சியும் அதன் வசமாயிற்று. பீக்கன் தோற்றார். எட்டு மாதங்களுக்குள் அவமானம் துடைக்கப்பட்டது எனப் பலரும் பெருமூச்சு விட்டனர்.

ஆனால் பீக்கன் அத்தேர்தலிற் பெற்ற வாக்குகள் 2,041. வென்றபோது பெற்றதைவிட 561 அதிகம். இடைத்தேர்தலில் ஒரு வாக்கும் பொதுத்தேர்தலில் மூன்று வாக்குகளும் ஒருவருக்கு இருந்தமையால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பது உண்மையே. எனினும் ஒரு வேட்பாளனுக்கு ஒருவர் ஒரு வாக்குக்குமேல் அளிக்க முடியாதாகையால், அவரை ஏற்றுக்கொண்டோரின் தொகை கூடியது என்பதில் ஐயமில்லை. அவர் தோற்றது அவர்தம் ஆதரவாளர் மனம் மாறியதாலன்று. அவரை எதிர்த்தோர் வீடுகளிலிருந்து வெளிவந்ததாலேயாகும். வாக்காளர் பதிவு இயக்கங்களும், சமயத் தலைவர்கள், தொழிற்சங்கங்கள், வங்காளி இளைஞர் அமைப்புகள் ஆகியோரின் உழைப்பும் வாக்களிப்போர் தொகையை வெகுவாக உயர்த்தின.

இரு உண்மைகள் இங்கு ஒருங்கே நிற்கின்றன. வாக்களிப்பில் ஈடுபாடு ஒரு சிறுபான்மையினருக்கு எத்துணை வலிய கேடயம் என்பது ஒன்று. ஆசனத்தை இழந்த கருத்து சமுதாயத்தை விட்டு அகன்றுவிடவில்லை என்பது மற்றொன்று. முதலாவதைக் கொண்டாடி இரண்டாவதை மறப்பதே தேர்தல் விமர்சனத்தில் மிகச் சாதாரணமாக நிகழும் தவறு.

அத்தவறு எங்கே கொண்டுசென்று விடும் என்பதைச் சில கல் தொலைவிலுள்ள பார்க்கிங்–டகனம் பரோவின் கதை காட்டுகின்றது. 1921 இல் கட்டத் தொடங்கப்பட்ட மாபெரும் பெக்கன்ற்றீ வீடமைப்புத் திட்டமும் 1931 இல் திறக்கப்பட்ட ஃபோர்ட் மோட்டார் தொழிற்சாலையும் அப்பரோவை உழைப்பாளர் கோட்டையாக்கியிருந்தன. 2002 இல் அங்கு கார் பொருத்தும் வேலை நிறுத்தப்பட்டது. சபை வீடுகள் விற்கப்பட்டுக் குறைந்துகொண்டே வந்தன. பரோவில் வீடு வாங்க ஆபிரிக்கருக்குப் பணம் கொடுக்கப்படுகின்றது என்ற பொய்யைப் பிரித்தானியத் தேசியக் கட்சி பரப்பியது. 2006 மே மாதத் தேர்தலில் 51 ஆசனங்களுள் 12 ஐப் பெற்று அது பிரதான எதிர்க்கட்சியாயிற்று. நான்கு ஆண்டுகளின் பின், 2010 இல், பன்னிரண்டையும் இழந்தது. 51 ஆசனங்களும் தொழிற்கட்சிக்கே போயின. பாராளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடைபெற்றமையால் இங்கும் வாக்களிப்போர் தொகை உயர்ந்திருந்தது. பன்னிரண்டு பூச்சியமாயிற்று. ஆனால் அதே நாளில் பார்க்கிங் பாராளுமன்றத் தொகுதியில் அக்கட்சித் தலைவர் நிக் கிறிபின் 14.6 வீத வாக்குகளைப் பெற்றார். பூச்சியம் என்பது ஆசனத்தின் கணக்கு. அது மக்களின் கணக்கன்று.

விகிதாசார முறை இதற்குத் தீர்வாகுமா? வாக்குக்கேற்ற ஆசனம் என்பது நீதியாகத் தோன்றினும், அம்முறையின் பகுதியொன்று கைக்கொள்ளப்படும் லண்டன் பேரவைக்கு 2008 இல் நடைபெற்ற தேர்தலில் அதே கட்சி ஐந்து வீதத்தைச் சற்றே தாண்டி ஓர் ஆசனம் பெற்றது. 1993 இல் 34 வீதத்தினரின் வேட்பாளரை வெற்றியாளராக்கியது எம்முறையோ, அதே முறைதான் 1994 இல் அதிக வாக்குப் பெற்றவரை வெளியேற்றியது. முறைகள் மக்கள் மனத்தைப் பெருப்பித்தோ சுருக்கியோ காட்டுவனவேயன்றி அதைத் திருத்துவனவல்ல.

இதே முறை நம் நாட்டில் விளைத்ததையும் ஒருகணம் எண்ணிப்பார்க்கலாம். பிரித்தானியரிடமிருந்து நாம் பெற்ற இவ்வாக்கு முறையின்கீழ் 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்குகளைக் கொண்டு 168 ஆசனங்களுள் 140 ஐப் பெற்றது. அந்த ஆறிலைந்து பெரும்பான்மையே 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கு வழிவகுத்தது. பின்னர் விகிதாசார முறை வந்தது. உள்ளூராட்சித் தேர்தல்களில் 2018 முதல் வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை பின்பற்றப்படுகின்றது. விதிகள் மாறின. பற்றாக்குறைக்கு இனப்பெயரிடும் மொழி அவற்றோடு மாறிற்றா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

6. சிறுபான்மையோர் அதிகாரம் பெற்றபின்

இதுவரை கூறியவற்றால், சிறுபான்மையினர் ஒன்றுபட்டு வாக்களித்துத் தம்மவரைப் பதவியிலமர்த்துவதே கதையின் இன்பமான முடிவு என்று கொள்ள இடமுண்டு. விமர்சனம் அவ்விடத்தில் நின்றுவிடுதலாகாது.

2010 ஒக்டோபரில் ரவர் ஹம்லெற்ஸின் முதலாவது நேரடியாகத் தெரிவுசெய்யப்பட்ட மேயராக லுத்ஃபுர் ரஹ்மான் வெற்றிபெற்றார். தொழிற்கட்சி அவரை வேட்பாளர் நிலையிலிருந்து நீக்கியபின் சுயேச்சையாக நின்று பெற்ற வெற்றி அது. 2014 இல் மீண்டும் வென்றார். வாக்காளர் நால்வர் தொடுத்த மனுவை விசாரித்த தேர்தல் நீதிமன்றம் 2015 ஏப்பிரிலில் அத்தேர்தலைச் செல்லாததாக்கியது. ஊழலானதும் சட்டவிரோதமானதுமான தேர்தற் செயல்கள் நிகழ்ந்தன எனத் தீர்ப்பளித்து, ஐந்தாண்டுகளுக்கு அவர் போட்டியிடுவதைத் தடைசெய்தது. தடைக்காலம் முடிந்தபின் 2022 இல் அவர் மறுபடியும் மேயரானார். அவரது அஸ்பயர் கட்சி 45 ஆசனங்களுள் 24 ஐப் பெற்றது.

இம்முடிவை எவ்வாறு வாசிப்பது? ஊழல்வாதியை மக்கள் மீண்டும் தெரிந்தனர் என்பர் ஒரு சாரார். வெள்ளை ஆதிக்கம் பறித்ததை மக்கள் மீட்டனர் என்பர் மற்றொரு சாரார். இரண்டுமே முடிவை ஒரு சமூகத்தின் மொத்த மனமாகக் கருதும் அதே பழைய பிழையைச் செய்கின்றன. நீதிமன்றத் தீர்ப்பு தள்ளிவிடத்தக்கதன்று. தேர்தலின் தூய்மை சிறுபான்மையினருக்கே அதிகம் வேண்டப்படுவது, ஏனெனில் விதிகள் குலையும்போது முதலில் நசுங்குவோர் அவர்களே. அதேவேளை, 2022 இல் வாக்களித்தோர் வீடு, பாடசாலை உணவு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றையும் எண்ணியே வாக்களித்தனர் என்பதை மறைத்து, அவர்களை இனக்கூட்டம் எனச் சுருக்குவது, 1993 இல் மில்வோல் மக்கள் யாவரையும் இனவாதிகள் எனச் சுருக்கியதற்கு ஒப்பானதே.

ஒடுக்கப்பட்ட சமூகம் பெறும் அதிகாரத்தை விமர்சிப்பது துரோகமெனக் கருதும் மனப்பான்மை நம்மிடையேயும் உண்டு. நம்மவர் வென்றால் முடிவு புனிதமாகின்றது. மாற்றார் வென்றால் அது சூழ்ச்சியாகின்றது. இந்த இரட்டை அளவுகோலைக் கைவிடாதவரை நாம் செய்வது தேர்தல் விமர்சனமன்று, தேர்தற் பிரசாரமே.

7. நிறைவுரை

மில்வோலின் ஏழு வாக்குகள் ஒரு விபத்து என்று கூறி ஒதுக்கிவிடலாம். எண்ணிக்கையளவில் அது விபத்துத்தான். அவ்விபத்து நிகழ்வதற்குரிய சரிவான பாதையைச் செப்பனிட்டது விபத்தன்று. துறைமுகத்தை மூடியவரும், நிலத்தை நியமனக் கூட்டுத்தாபனத்திடம் அளித்தவரும், வீட்டை விற்று மீண்டுங் கட்டாது விட்டவரும், எஞ்சியதை ‘நம் பிள்ளைகளுக்கு’ என எழுதிவைத்தவரும் அப்பாதையில் ஆளுக்கொரு கல்லைப் பதித்தனர். அவர்களுள் எவரும் தம்மை இனவாதியென எண்ணியிருக்கமாட்டார்.

1994 இல் தோற்கடிக்கப்பட்டபோது பீக்கனுக்கு வாக்களித்த 2,041 பேரும் மறுநாளும் அதே தொடர்மாடிகளில்தான் வாழ்ந்தனர். அவர்கள் அஞ்சிய வங்காளிக் குடும்பங்களும் அதே மாடிப்படிகளில்தான் ஏறி இறங்கின. இரு சாராருக்கும் வீடு தரவேண்டிய கடமை புதிய சபைக்கு இருந்தது. அக்கடமையை எத்துணை நிறைவேற்றியது என்பதைக் கொண்டே அச்சபையின் வெற்றி மதிப்பிடப்படவேண்டும். அது வென்ற ஆசனங்களைக் கொண்டன்று. பொப்லர் சபையின் 39 ஆசனங்களை வரலாறு இன்றும் நினைவிற் கொண்டிருப்பது அவ்வளவுகோலின்படியே. வருங்காலத்தில் நம் ஊர்ச் சபைகளிலும் மாநகரசபைகளிலும் முடிவுகள் அறிவிக்கப்படும் இரவுகளில், யார் வென்றார் என்ற கேள்வியோடு, பற்றாக்குறைக்கு அவர்கள் யாருடைய பெயரைச் சூட்டி வென்றனர் என்ற கேள்வியையும் நம் மாணவர் சமுதாயம் எழுப்புமாயின், உள்ளூராட்சி பற்றிய நமது கல்வி வகுப்பறையை விட்டு வெளிவந்ததாகக் கொள்ளலாம்.